மார்ஷலாக வர ஆசைப்படும் மருமகனுக்கு

அன்புள்ள தம்பி,

மோட்டார்சைக்கிள் ஓட்டும் 2பி லைசென்ஸ் கைக்கு வந்ததுமே, "மாமா, மலேசியாவின் செப்பாங்கில் நடக்கும் பைக் ரேஸுக்கு நானும் உங்களோடு மார்ஷலாக வரட்டுமா? டிக்கெட் இல்லாமலேயே வேலிக்கு உள்ளே நின்று ரேஸ் பார்க்கலாமே" என்று கேட்டு அனுப்பியிருந்தாய். தாராளமாக வா. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ரேஸ் பார்க்கும் ஆசையை மட்டும் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலேயே இறக்கி வைத்துவிட்டு வா.

கொடி காட்டவும் விழுந்தவரை மீட்கவும் பாதை ஓரத்து மார்ஷல் போஸ்டில் நிற்பவருக்கு ரேஸ் தெரியாது. நம் போஸ்டுக்கும் அடுத்த போஸ்டுக்கும் நடுவில் கிடக்கும் தார்ச்சாலைதான் தெரியும். முதலிடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொண்டு போகும்போது கூட்டம் எழுந்து நின்று கத்தும். நீ அவர்கள் போன திசையில் தலையைத் திருப்பக் கூடாது. பின்னால் வருகிற வண்டி ஏதாவது புகைகிறதா, எண்ணெய் சொட்டுகிறதா, உடைந்த துண்டு ரோட்டில் கிடக்கிறதா என்று பார்க்கத்தான் உன்னை நிறுத்தியிருக்கிறார்கள். யார் ஜெயித்தது என்பதைப் பல தடவை சாயங்காலம் போனில் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

உன் நண்பன் எஃப்1 இரவுப் பந்தயத்தில் தொண்டூழியம் செய்தவன் என்றாய். நல்ல பயிற்சிதான். ஆனால் கார் மோதினால் ஓட்டுபவர் பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே இருப்பார். பைக் விழுந்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கீழே கிடப்பவருக்குப் பின்னால் வரும் வண்டிதான் எமன். 2011 அக்டோபர் 23 அன்று செப்பாங்கில் இத்தாலிய பைக் ரேஸ் வீரர் மார்கோ சிமோன்செல்லி இறந்தது அப்படித்தான். இரண்டாவது சுற்றிலேயே விழுந்தார், பின்னால் வந்தவர்களுக்கு விலக நேரமே இல்லை. அன்று சிவப்புக் கொடி காட்டி ரேஸையே ரத்து செய்தார்கள்.

அதனால் ஆள் விழுந்த கணமே மஞ்சள் கொடி ஆட வேண்டும். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். ரேஸையே நிறுத்தும் சிவப்புக் கொடி மட்டும் ரேஸ் கண்ட்ரோல், அதாவது கட்டுப்பாட்டு அறை, சொன்ன பிறகுதான். மஞ்சளும் சிவப்பும் பட்டை பட்டையாக இருப்பது, ரோடு வழுக்குகிறது என்று சொல்ல. மற்றதெல்லாம் அங்கே வந்து படித்துக்கொள்.

விழுந்த வண்டியைத் தூக்குவதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆர்வத்தில் ஓடிப்போய்க் கை வைப்பாய். முதலில் ஹேண்டில்பாரில் இருக்கும், இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சை அமுக்கு. புகைக்குழாய்ப் பக்கம் கை போகவே கூடாது, கையுறையோடு சேர்த்துச் சுட்டுவிடும். சங்கிலியும் சக்கரமும் அப்படியே. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் பிடித்து நிமிர்த்த வேண்டும். சரளைக் கல்லில் சக்கரம் புதைந்து ஒரு அடிகூட நகராது, கெட்ட வார்த்தை தானாக வரும். இத்தனைக்கும் நடுவில் இன்னொருவர் வண்டிகள் வரும் திசையைப் பார்த்தபடி விசிலோடு நிற்பார். அவர் ஊதினால் வண்டியைப் போட்டுவிட்டு ஓடு, எத்தனை விலை வண்டியானாலும் சரி.

எழுந்து நடக்கிற ரைடரைத் தடுப்புக்குப் பின்னால் அழைத்துப் போ. கோபத்தில் உன்னைத் திட்டலாம், காதில் வாங்காதே. அசையாமல் கிடப்பவரைத் தூக்காதே, ஹெல்மெட்டைக் கழற்றாதே. டாக்டர் வரட்டும்.

நம் சிங்கப்பூரிலேயே நடந்தால் இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்தான். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் ரோட்டில் காரும் மோட்டார்சைக்கிளும் பறந்தன. பஸ் ஸ்டாப், மழைநீர்க் கால்வாய், விளக்குக் கம்பம் எல்லாம் ஓரத்திலேயே! அங்கே கொடி பிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது அந்தப் பக்கம் குரங்குகளின் ராஜ்ஜியம். ஆகவே நமக்குச் செப்பாங்தான்: 5.543 கிலோமீட்டர், 15 வளைவு, மண்டையைப் பிளக்கும் வெயில், மத்தியானத்துக்கு மேல் எப்போது கொட்டும் என்று தெரியாத மழை. தேசிய சேவை முடித்தவன், சமாளித்துவிடுவாய்.

ரேஸ் ஓட்டும் ஆசையும் உனக்கு உண்டு என்று அக்கா சொன்னாள். அதை நான் தடுக்கப் போவதில்லை. ஒரு சனி, ஞாயிறு என் பக்கத்தில் நின்ற பிறகு என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் ஆசை.

உன் வண்டியில் வருகிறேன் என்று அடம் பிடிக்காதே. 300 கிலோமீட்டருக்கு மேல், திரும்பி வரும்போது கண் சொருகும். பஸ்ஸில் போவோம். காது அடைப்பான், கணுக்கால் மூடும் ஷூ, இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துக்கொள். சிவப்பு, மஞ்சள் டி-சட்டை வேண்டாம், தூரத்திலிருந்து வருபவருக்குக் கொடி மாதிரித் தெரியும். பாஸ்போர்ட் காலாவதியாகவில்லையே என்று இன்றைக்கே பார்த்துச் சொல்.

அன்புடன்,
மாமா