கடன் எனக்கு, கையெழுத்து அவருடையதா?

வங்கிக் கிளை மேலாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மிளகாய் அரைக்கும் பல்வரைசர் மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு, சிறுதொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 4 லட்சம் கடன் கேட்டு ஒரு கிளைக்குப் போயிருந்தேன். மேலாளர் பேப்பரைப் புரட்டவே இல்லை. "வீட்டுக்காரர் என்ன பண்றாரு? அவரைக் கூட்டிட்டு வாங்கம்மா, ஜாமீன் கையெழுத்துப் போடட்டும்" என்றார். அப்புறம்தான் தொழில் அனுபவம் உண்டா என்று கேட்டார்.

எங்கள் அப்பா மாவு மில் வைத்திருந்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பி கல்லாவில் உட்காருவான், நான் உள்ளே நெடியில் நின்று அரைப்பேன். காம்பைக் கிள்ளினாலே மிளகாய் காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன், கல் கொத்த வேண்டிய நாள் மெஷின் சத்தத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் லைசென்ஸ் தம்பி பேரில், கரண்ட் பில்லும் தம்பி பேரில். 15 வருஷம் அரைத்ததற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. இதைச் சொன்னால், "மகளிர் குழுவுல சேர்ந்து வாங்கிக்கோங்களேன்" என்கிறார். குழுக்கடனை நான் குறை சொல்லவில்லை, அதில் என் பங்குக்கு வரும் பணத்தில் மோட்டார்கூட வாங்க முடியாது, அவ்வளவுதான்.

குறுந்தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியாததில்லை. முத்ரா வந்ததும் அதற்காகத்தானே? பிறகு கணவரின் கையெழுத்து எதற்கு?

பெண்களுக்கு வியாபாரத்தில் ஆர்வமில்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். ஆர்வம் எங்கிருந்து வரும்? பத்து வயதில் கல்லாவில் உட்கார்ந்து, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பார்த்து வளர்கிறவனுக்கு அது தானாக வருகிறது. எனக்கு மெஷின் பக்கத்தில் நிற்கவாவது இடம் கிடைத்தது. என்னோடு படித்தவள் ஒரு கொத்தனார் மகள், அவள் வீட்டில் கல்லா என்ற ஒன்றே கிடையாது. தையல் கடை வைக்க ஆசைப்பட்டு இரண்டு முறை வங்கிக்கு நடந்தாள், இரண்டு முறையும் இதே கேள்விதான். இன்று பனியன் கம்பெனியில் அடுத்தவர் மெஷினில் தைக்கிறாள்.

கோபத்தில் எழுதியதில் மரியாதை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: தொழில் செய்யப்போகிறவளிடம் தொழிலைப் பற்றிக் கேளுங்கள், கணவரின் கையெழுத்தைக் கேட்காதீர்கள். கடன் தர முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்.

கொட்டேஷன் இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும். திங்கட்கிழமை அதே கிளைக்கு மறுபடி போகிறேன், தனியாகத்தான் போகிறேன். தயவுசெய்து இந்த முறை பேப்பரைப் படித்துப் பாருங்கள்.