வெஸ்டர்ன் கோல்ஃப் சங்கத்தின் 125 ஆண்டுகள்: ஒரு தாயின் நன்றி மடல்

சங்கத்தின் நிர்வாகிகளுக்கும், கொடையாளர்களுக்கும், எங்கள் பகுதி கோல்ஃப் கிளப்பின் உறுப்பினர்களுக்கும் பணியாளர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

சிகாகோ வட்டாரத்துக் கிளப்புகள் 1899-இல் கூடித் தொடங்கிய வெஸ்டர்ன் கோல்ஃப் சங்கம் 2024-இல் 125 ஆண்டுகளைக் கடந்தது. இத்தகைய ஆண்டு விழாவில் வெற்றியாளர்களின் பெயர்களே முதலில் ஒலிப்பது இயல்பு. ஊதியம் பெறாமல் ஆடுவோருக்காகச் சங்கம் பிறந்த ஆண்டிலேயே தொடங்கிய வெஸ்டர்ன் அமெச்சூர் போட்டியில் 1961-இல் ஜாக் நிக்கலஸும் 1994-இல் டைகர் உட்ஸும் வென்றிருக்கிறார்கள் என்பது சிறிய பெருமை அன்று. ஆயினும் கோல்ஃப் மட்டையை ஒரு நாளும் கையில் எடுத்திராத நான் இம்மடலை எழுதுவதற்குக் காரணம், அந்த வெற்றியாளர்களின் பின்னால் மட்டைப் பையைச் சுமந்து நடந்தவர்களுக்காக இச்சங்கம் செய்துவரும் பணியே ஆகும்.

என் மகள் இன்று இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கல்விக் கட்டணத்தையும் தங்குமிடச் செலவையும் பை சுமக்கும் பிள்ளைகளுக்கான சங்கத்தின் எவன்ஸ் உதவித்தொகை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்த உதவித்தொகைக்கு வித்திட்ட சிக் எவன்ஸ், சிகாகோவின் எட்ஜ்வாட்டர் கிளப்பில் கேடி எனப்படும் பை சுமக்கும் சிறுவனாக இருந்து ஆட்டம் கற்றவர்; பல்கலைக்கழகப் படிப்பைத் தொடர வசதியின்றி இடையில் நிறுத்தியவர். 1916-இல் அமெரிக்க ஓபன், அமெரிக்க அமெச்சூர் ஆகிய இரண்டு பட்டங்களையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் மனிதர் அவரே. ஓபனில் அவர் எடுத்த 286 என்ற எண்ணிக்கையை முறியடிக்க மற்றவர்களுக்கு 20 ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்தப் புகழை வைத்துக் கோல்ஃப் பாடங்களை இசைத்தட்டில் பதிவு செய்தபோது கிடைத்த பணத்தை அவர் எடுத்துக்கொண்டிருந்தால், ஊதியம் பெறாத ஆட்டக்காரர் என்ற தகுதியை இழந்திருப்பார். பை சுமக்கும் பிள்ளைகளின் படிப்புக்கு அப்பணம் போகட்டும் என்று யோசனை கூறியவர் அவருடைய அன்னை. சங்கம் அப்பொறுப்பை ஏற்க, 1930-இல் முதல் இரண்டு மாணவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தனர். அவ்வழியில் பட்டம் பெற்றவர்கள் இன்று 12,000 பேருக்கும் மேல். அந்த அன்னைக்கே என் முதல் நன்றி.

சங்கம் அமெச்சூர் என்ற தகுதியைக் குறுகிய கண்ணோடு பார்க்கவில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. விளையாட்டுப் பொருள்களை விற்கும் கடை நடத்தினார் என்பதற்காக ஃபிரான்சிஸ் விமெட் என்ற ஆட்டக்காரரின் அமெச்சூர் தகுதியை அமெரிக்க கோல்ஃப் சங்கம் என்ற தேசிய அமைப்பு 1916-இல் பறித்தபோது, வெஸ்டர்ன் சங்கம் அம்முடிவை ஏற்காமல் 1917-இல் தன் போட்டியில் அவரை ஆடவைத்தது, அவரே வென்றார். விமெட்டும் சிறு வயதில் பை சுமந்தவர் என்பதை நினைக்கும்போது, எனக்கு அம்முடிவின் மீது மதிப்பு கூடுகிறது.

இனி, எங்களுக்கு நேரில் உதவியவர்களுக்கு. பதினான்கு வயதில் பை சுமக்கும் வேலைக்குக் கூச்சத்தோடு வந்து நின்ற என் மகளுக்கு, பந்து விழுந்த இடத்தைக் கண் விலகாமல் கவனிப்பதையும், மணற்குழியை வாரிச் சமன் செய்வதையும், ஆட்டக்காரர் பந்தைத் தட்டும் நேரத்தில் தன் நிழல் குறுக்கே விழாமல் நிற்பதையும் பொறுமையாகக் கற்பித்த, கேடிகளை மேற்பார்வையிடும் கேடி மாஸ்டர் ஐயாவுக்கு நன்றி. 18 குழிகளையும் நடந்து முடித்துச் சோர்ந்திருந்தவளிடம் கூலியோடு நிறுத்திக்கொள்ளாமல், என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டு, பிறகு பரிந்துரைக் கடிதமும் எழுதித் தந்த உறுப்பினர்களுக்கு நன்றி. நிரம்பிய அவையின் முன் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டிய நேர்காணலுக்கு அவளைத் தயார்செய்த மூத்த மாணவிகளுக்கு, அவள் சார்பிலும் என் சார்பிலும் நன்றி. மதிப்பெண்ணையும் குடும்பத்தின் பொருள் நிலையையும் மட்டும் பாராமல், களத்தில் உழைத்த பதிவையும் நடத்தையையும் சேர்த்து எடைபோடும் அந்த முறை கடினமானதுதான். ஆனால் கிடைத்ததைத் தானே ஈட்டியதாகப் பிள்ளை நினைக்க அதுவே இடம் தருகிறது.

ஆண்டுதோறும் நன்கொடை அனுப்பும் ஆயிரக்கணக்கான கோல்ஃப் ஆர்வலர்களை நான் ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை. அவர்களுக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும் ஒரு சிறு வேண்டுகோள். மைதானத்தில் ஆட்டக்காரர்கள் ஏறிச் செல்லும் மின்வண்டி வசதியானதே, மறுக்கவில்லை. ஆனால் அதில் ஏறும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை குறைகிறது, வேலையின்றி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. இயன்ற நாள்களிலாவது நடந்து ஆடி, புதிதாய்ச் சேர்ந்த ஒரு பிள்ளையை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நன்றியுடன்,
சிகாகோ புறநகரிலிருந்து,
ஒரு மாணவியின் தாய்