காற்று அடித்து வைத்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை, சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்த பதக்கம் தலையணைக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நான் சைக்கிளோடு விழுந்த அந்த வளைவையும் அதற்கப்புறம் நடந்த ஆபரேஷன்களையும் மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை.

டாக்டர்கள், பிசியோ, பணம் திரட்டிய நண்பர்கள், கூடவே கிடந்த அம்மா, "இனி போதும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லாத கோச், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் அழுதுவிடுவேன், விடுங்கள்.

ஆனால் எங்கள் மெக்கானிக் அண்ணனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏழு மாதம் கழித்து ஷெட்டுக்குப் போனேன். என் டிராக் சைக்கிள் ஏதாவது மூலையில் தூசி படிந்து கிடக்கும் என்றுதான் நினைத்தேன். கொக்கியில் பளிச்சென்று தொங்கியது. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. ஓட்டாமல் சும்மா வைத்தாலும் டயரில் காற்று இறங்கிக்கொண்டேதான் இருக்கும், அப்படியென்றால் நான் எழுந்து உட்காரவே முடியாமல் கிடந்த நாட்களிலும் அதற்கு யாரோ பம்ப் அடித்திருக்கிறார். சீட் கம்பியில் என் உயரத்துக்கு ஒரு துண்டு மஞ்சள் டேப் வேறு. "என்னண்ணே இது?" என்றேன். "எப்ப வருவேன்னு நீ சொல்லலையேம்மா" என்றவர், வேறொரு சக்கரத்துக்கு ஸ்போக் முறுக்கப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் நெதர்லாந்து சைக்கிள் வீராங்கனை அன்னமீக் வான் வ்ளூட்டன் கதையைத்தான் அனுப்பினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தவர் இறக்கத்தில் விழுந்து முதுகெலும்பில் மூன்று முறிவு, 2022இல் முழங்கை முறிந்த சில நாட்களிலேயே உலகச் சாம்பியன். பெரிய மனுஷிதான், ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்குத் தெம்பைவிட எரிச்சல்தான் வந்தது. அவர் படுத்திருந்தபோது அவருடைய சைக்கிளுக்குக் காற்று அடித்தது யார் என்று ஒரு கட்டுரையிலும் இல்லை.

திரும்பி வந்த முதல் பந்தயத்தில் கடைசிக்கு முந்தின இடம். அன்றைக்கும் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை, சைக்கிளைத் துடைத்து அதே கொக்கியில் மாட்டினார்.

அடுத்த சீசனும் ஓட்டுவேன், பட்டத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். தோள்பட்டையில் வைத்த பிளேட் குளிரில் வலிக்கிறது, வலிக்கட்டும். அண்ணே, திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வந்துவிடுவேன். பம்பை எடுத்து வெளியே வையுங்கள், நானே அடித்துக்கொள்கிறேன்.