கோட்டைத் தாண்டிய தம்பிக்கு

தம்பி,

மூன்று வாரமாக நீ கிரவுண்டுக்கு வரவில்லை. போனும் எடுப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை முல்லை நகரில் உன் அம்மாவைப் பார்த்தேன். "அவன் உங்க மேலதான் கோவமா இருக்கான்" என்றார். எதற்கு என்று தெரியும். ஃபுட்பால் செமி ஃபைனல் முடிந்ததும், நீ தடுத்த பெனால்டியை மறுபடி அடிக்கச் சொன்னதற்காகப் பையன்கள் எல்லாரும் ரெஃபரியைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். நான் மட்டும் "அவர் கொடுத்தது சரி" என்று சொல்லிவிட்டேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியை இதில் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கட்டும், தப்பில்லை.

நம் காலேஜ் டீம் செமி வரை போகும் என்று ஜூலையில் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். பதினாறு ஜெர்ஸி, மூன்று பந்து. அதில் ஒரு பந்துக்கு தினமும் காற்றடிக்க வேண்டும். முதல் இரண்டு மேட்சைப் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை, வந்தவர்கள் நம்மைவிட மோசமாக ஆடினார்கள். மூன்றாவது மேட்ச்தான் மேட்ச். கடைசி இருபது நிமிஷம் பத்துப் பேரோடு ஆடினோம். கார்னர் மேல் கார்னர். நீ குத்தி வெளியே தள்ளிய பந்துகளை எண்ணிக்கொண்டே வந்தேன், ஒன்பதுக்கு மேல் முடியவில்லை, வயிற்றைக் கலக்கிவிட்டது. 1-0. முடிந்ததும் கோல் அடித்தவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நீ போஸ்ட் பக்கத்தில் உட்கார்ந்து கிளவுஸைக் கழற்றிக்கொண்டிருந்தாய்.

நம்ம ஏரியா வழக்கம் அது. வியாசர்பாடியில் பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் பத்தும் ஃபார்வர்டு. 2023 ஆகஸ்டில், டூரண்ட் கோப்பையில், மோகன் பகானுக்கு எதிராக, ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய நம்ம ஏரியா நந்தகுமார் அந்த ஒரே கோலை அடித்தாரே. இந்த இரண்டு கொல்கத்தா டீமும் மோதும் டெர்பியை நாலரை வருஷமாக ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அதற்கப்புறம் கேட்கவே வேண்டாம், பொடியன்கள் எல்லாரும் விங்கிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். நான் கீப்பராக நிற்கிறேன் என்று வாய் திறந்து கேட்டு வந்தவன் எனக்குத் தெரிந்து நீ ஒருத்தன்தான்.

அப்புறம் மழை. கணேசபுரம் சப்வேயில் தண்ணீர் நின்றால் நம் கிரவுண்டிலும் நின்றிருக்கும், போய்ப் பார்க்கவே வேண்டாம். செமிக்கு முந்தின பத்து நாளும் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த டர்ஃபில் பிராக்டிஸ். அங்கே இருப்பது சின்ன கோல் போஸ்ட். கீப்பருக்கு அதில் என்ன பிராக்டிஸ்?

சரி, மேட்ச் சமனில் முடிந்து இரண்டு பக்கமும் ஐந்தைந்து பெனால்டி அடித்த அந்த டை பிரேக்கருக்கு வருகிறேன். நாம் ஐந்தில் நாலு போட்டிருந்தோம், அவர்கள் நாலுக்கு நாலு. ஐந்தாவதை நீ பிடித்தால் சடன் டெத், ஒரு பக்கம் முந்தும்வரை ஆளுக்கொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். நீ வலது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாய். நான் என் வயதை மறந்து குதித்தேன். கோல் கோட்டருகே நின்ற லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினார். மறுபடி அடிக்கச் சொன்னார்கள், உள்ளே போனது.

உதைக்கிற நொடியில் கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேலோ அதற்கு நேராகவோ பின்னாலோ இருக்க வேண்டும். ஒரு கால் போதும் என்று 2019-இல் விதியைத் திருத்தினார்கள். உன் இரண்டு காலும் ஒரு முழத்துக்கு முன்னால் இருந்தன. நான் பக்கவாட்டில்தான் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன். முதல் தடவை என்பதால் கார்டு இல்லை, எச்சரிக்கை மட்டும். அதுவும் சரிதான்.

ஆனால் நீ ஏன் முன்னால் வந்தாய்? பந்து இருப்பது 11 மீட்டரில். நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் கோட்டுக்கு வர அரை நொடிகூட ஆகாது. போஸ்ட்டுக்குப் போஸ்ட் 7.32 மீட்டர். கோட்டிலேயே நின்றால் மூலைக்குக் கை எட்டாது, அதனால் எந்தக் கீப்பருக்கும் கால் முன்னால்தான் போகும். உனக்கு அதைப் பழக்கமாக்கியதே நான்தான். "முன்னால வா, ஆங்கிளை மூடு" என்று எட்டு வருஷமாகக் கத்தியிருக்கிறேன். நான் ஆடிய காலத்தில் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பிடிக்கமாட்டார்கள். அதோடு, நம் கிரவுண்டில் கோடு எங்கே இருக்கிறது? இரண்டு போஸ்ட், நடுவில் கீப்பர் கால் பட்டுப் பட்டுத் தோண்டிய பள்ளம். டோர்னமென்ட் அன்றைக்கு மட்டும் சுண்ணாம்புத் தூள் போடுவார்கள், அதுவும் இடைவேளைக்குள் கலைந்துவிடும். கோட்டையே காட்டாமல் உன்னை வளர்த்துவிட்டு, கோட்டைத் தாண்டிவிட்டான் என்று உன் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தப்பு.

இன்னொன்று. 2019 பெண்கள் உலகக் கோப்பையில் பிரான்ஸும் நைஜீரியாவும் மோதின. பிரான்ஸின் வென்டி ரெனார்ட் அடித்த பெனால்டி போஸ்ட்டில் பட்டு வெளியே போனது. வீடியோவைப் பார்த்துவிட்டு, கீப்பர் கோட்டைவிட்டு வந்துவிட்டார் என்று மறுபடி அடிக்க விட்டார்கள். கோல், 1-0. அந்தக் கீப்பர் சியாமகா நடோசி, அப்போது வயது 18, உன்னைவிட ஒரு வயது சின்னவர். அவர் பந்தைத் தொடவே இல்லை. இப்படிக் கீப்பர் கை படாமல் வெளியே போனால், உதைத்தவரை அது பாதித்தாலொழிய, மறுபடி அடிக்க வேண்டாம் என்று அடுத்த வருஷமே விதியை மாற்றினார்கள். உனக்கு அந்தச் சலுகையும் கிடையாது, நீ தொட்டுவிட்டாய். அதே நடோசிதான் 2023-இலும் 2024-இலும் ஆப்பிரிக்காவின் சிறந்த பெண் கீப்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் கிரவுண்டில் இருப்பேன். தண்ணீர் வடிந்துவிட்டது, பள்ளத்தை மண் போட்டு மூடியாகிவிட்டது. ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கி வைத்திருக்கிறேன், நூல் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். உன் கிளவுஸ் அன்றையிலிருந்து என் வண்டி டிக்கியில்தான் கிடக்கிறது. நாற்றம் தாங்கவில்லை, வந்து எடுத்துக்கொண்டு போ.

அண்ணன்