ஃப்ரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

அன்புள்ள சேகர்,

விதை என்னாச்சு என்று நீ நாலு தடவை கேட்டும் நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பவா போகிறாய்? நடந்தது இதுதான்: நீ கொடுத்த சுகர் பைன் என்கிற குளிர்நாட்டுப் பைன் மரத்தின் விதைகளில் பாதியைக் கொன்றுவிட்டேன்.

முளைக்க வைப்பதற்கு முன்னால் குளிர் காட்ட வேண்டும் என்றாய். எவ்வளவு குளிர் என்று உன்னிடம் கேட்க எனக்கு ரோஷம். ரெண்டு நாள் ஊறிய விதையைத் தூக்கி ஃப்ரீசரில் போட்டேன். நம்ம லேப் மூளை, வேறென்ன! நன்றாகக் காய்ந்த விதை உறைகுளிரில் வருஷக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் குடித்து உப்பிய விதையில் அந்தத் தண்ணீரே பனிக்கட்டியாகி செல்களைக் கிழித்துவிடும். ஒன்றை நறுக்கிப் பார்த்தேன். வெள்ளையாகக் கெட்டியாக இருக்க வேண்டியது பழுப்பாக நைந்திருந்தது. பையின் மேல் "மணி பொறுக்கியது" என்று உன் கையெழுத்து. நம்ம மணி கையால் பொறுக்கிய விதை. அதைப் பார்த்தபிறகு எழுத வரவில்லைடா.

மிச்சத்தை ஒழுங்காகச் செய்தேன். 48 மணி நேரம் ஊறல். மேல் ஈரம் போகத் துணியில் ஓர் உருட்டு. பாலிதீன் பையில் போட்டு, வாயை இறுக்காமல், ஃப்ரிட்ஜில் 3, 4 டிகிரியில் 90 நாள். வாராவாரம் பையைப் புரட்டி மோந்து பார்ப்பேன், பூஞ்சை வாடை வருகிறதா என்று. கலா என்னைப் பார்த்த பார்வையை நீ ஊகித்துக்கொள்.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? காய்ந்த விதையை வருஷம் பூரா ஃப்ரிட்ஜில் வைத்தாலும் அதன் தூக்கம் கலையாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால்தான் கணக்கு ஓடும். குளிருக்கு முன்னால் உதிர்கிற விதை அவசரப்பட்டு முளைத்தால் நாற்று பனியில் கருகிவிடும் அல்லவா? அதனால் உள்ளே அப்சிசிக் அமிலம் என்கிற, முளைப்பைத் தடுக்கும் ஹார்மோன் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரக் குளிரில் நாள் போகப் போக அந்தப் பிடி தளர்ந்து, முளைக்கத் தூண்டும் ஹார்மோனான ஜிப்ரெலினின் கை ஓங்குகிறது.

உடனே, ஜாக் பைன் என்கிற இன்னொரு பைனின் கூம்பை அடுப்பில் வைத்து விதையை எழுப்பிய உன் பெருமையை எடுத்துவிடாதே. அது வேறு கதை. அங்கே கூம்பைத்தான் பிசின் ஒட்டி மூடியிருக்கிறது. சூடு பட்டால் உருகித் திறக்கும். உள்ளே விதை பெரும்பாலும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீ அடுப்பில் வைத்து எழுப்பியது எதையும் இல்லை, ஐயா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 22 விதை ஊன்றியதில் 9 வந்துவிட்டன! முதலில் கொக்கி மாதிரி வளைந்த தண்டு, ரெண்டு நாளில் நிமிர்ந்தது. உச்சியில் விதை ஓடு தொப்பியாக உட்கார்ந்திருக்க, அதற்குக் கீழே பத்துக்கும் மேற்பட்ட ஊசி இலைகள் சிறைப்பட்டுக் கிடந்தன. உதவுகிறேன் பேர்வழி என்று ஒன்றின் தொப்பியைப் பிடித்து இழுத்தேன், நுனியோடு வந்துவிட்டது. ஆக, 8. இப்போது காலையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

அம்மா முட்டி வலி எப்படி? நாலு நாற்று உனக்கு. இன்னும் ஒன்றை மணி வீட்டில் கொடுக்கலாமா, இல்லை கஷ்டப்படுவார்களா? நீயே சொல்.

உன்,
ரகு