காலாங் ஆற்றோரப் பாதையில் முந்திச் செல்லும் சைக்கிள்கள்: நான்காவது முறையாக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்: கேலாங் பாருவில் வசிக்கும் ஒரு மூத்த குடிமகள் (பெயர், புளோக் எண், தொலைபேசி எண் தனித்தாளில் இணைத்துள்ளேன்)

பெறுநர்: காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப்பாதைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள், சிங்கப்பூர்

பொருள்: நடப்பவர்களைச் சைக்கிள்காரர்கள் தாண்டிச் செல்லும் முறையைப் பாதையிலேயே எழுதி வைக்கவும், நேரில் சொல்லிக்கொடுக்கவும் வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இந்தப் பாதையைப் பற்றி நான் முறையிடுவது இது நான்காவது தடவை. முதல் தடவை, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், தொலைபேசியில் சொன்னேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். இரண்டாவது தடவை என் மகள் இணையப் படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். ஒரு எண் வந்தது, அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. மூன்றாவது தடவை கடிதமாக எழுதி நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு எண்கூட வரவில்லை. இந்தத் தடவை தமிழிலேயே எழுதுகிறேன். மகளிடம் சொல்லி, அவள் ஆங்கிலத்தில் மாற்றும்போது நான் சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போகிறது. தாங்கள் பொறுமையாகக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம் தங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் புளோக்குகளுக்குப் பின்னால், ஒரு பக்கம் ஆற்றுக் கம்பித் தடுப்பு, மறுபக்கம் புல்தரை, நடுவில் ஒரே ஒரு பாதை. நடப்பவர், ஓடுபவர், சக்கர நாற்காலியில் வருபவர், சைக்கிள்காரர் எல்லாருக்கும் அது ஒன்றுதான். பக்கத்தில் சைக்கிள் பாதை இருக்கும் நடைபாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது என்று 2025 ஜூலை 1 முதல் விதி வந்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் எங்கள் ஆற்றோரத்தில் பிரித்துக்கொடுக்க இரண்டாவது பாதை கிடையாது. எல்லாரும் சேர்ந்துதான் போக வேண்டும். அப்படிச் சேர்ந்து போகும்போது பின்னால் வருபவர் முன்னால் போகிறவரை எப்படித் தாண்டுவது என்பது மட்டுமே என் மனு.

என் கணவருக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. மூளையில் இடப்பக்கம் அடைப்பு. கை கால் பலம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. பார்வையில் வலது பாதி மட்டும் திரும்பவே இல்லை. வலது கண் என்று நினைத்துவிட வேண்டாம், ஐயா. இரண்டு கண்ணிலுமே வலப்பக்கம் அவருக்குத் தெரியாது. தட்டில் சோறு போட்டுக் கொடுத்தால், "இன்றைக்குப் பொரியல் இல்லையா?" என்று கேட்பார். பொரியல் தட்டின் வலது ஓரத்தில் இருக்கும். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். மருத்துவமனையில் பயிற்சி கொடுத்த பெண், "தெரியாத பக்கம் தலையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், தினமும் நடங்கள்" என்று மாதக்கணக்கில் சொல்லிப் பழக்கினார். அவரும் பிடிவாதமாகப் பழகினார்.

நம் ஊரில் இடப்பக்கம் ஒதுங்கி நடக்க வேண்டும். சைக்கிள் வலப்பக்கமாக முந்த வேண்டும். முறை அதுதான். என் கணவருக்குப் பார்வை இல்லாத பக்கமும் அந்த வலப்பக்கம்தான்.

இனி எங்கள் குறைகளைத் தங்கள் பார்வைக்கு வரிசையாக வைக்கிறேன்.

1. வேகம். இந்தப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். ஆள் இல்லாதபோது போகக்கூடிய அந்த வேகத்தை, ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்திலும் போக வேண்டிய வேகம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண நடைபாதையில் 15 ஆக இருந்ததை 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைத்தார்கள். நடக்கிற மனிதர் இரண்டு இடத்திலும் ஒரே மனிதர்தானே?

2. கூட்டமாக வருபவர்கள். ஐந்தாறு பேர் வரிசையாக வருவார்கள். முதல் ஆள் மணி அடிப்பார். நாங்கள் ஒதுங்குவோம். அவர் போய்விட்டார் என்று மறுபடி நகர்ந்தால் இரண்டாவது ஆள், அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள், யாரும் மணி அடிப்பதில்லை. முதல் ஆள் அடித்தது தங்களுக்கும் சேர்த்துத்தான் என்று நினைக்கிறார்கள். சனிக்கிழமைகளில் ஒரு சீனப் பெரியவர் நண்பர்களோடு வருவார். எங்களைத் தாண்டும்போது, "ஆன்ட்டி, பின்னால் இன்னும் நாலு பேர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவார். நான் நாலும் எண்ணிவிட்டுத்தான் என் கணவரை நகர விடுவேன். எவ்வளவு சின்ன விஷயம். மற்றவர்கள் ஏன் செய்வதில்லை என்றால், யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

3. மின்சைக்கிள். சத்தமே இருக்காது. சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கு நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய நெருக்கடி இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. மின்சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு 2022 முதல் தேர்வாவது வைக்கிறார்கள். சாதாரண சைக்கிளுக்கு அதுவும் இல்லை.

4. மணி. இதைத்தான் நான் மூன்று தடவையும் சொல்ல முயன்றேன், மூன்று தடவையும் என்னால் புரியவைக்க முடியவில்லை. "சைக்கிள்காரர்கள் மணி அடிப்பதில்லை" என்று நான் புகார் கொடுத்ததாகத் தொலைபேசியில் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னது அது இல்லை, ஐயா. மணி அடிக்கிறார்கள். தோளுக்குப் பக்கத்தில் வந்து அடிக்கிறார்கள்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு விநாடிக்கு 7 மீட்டர். என் மகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். மூன்று மீட்டர் தூரத்தில் மணி அடித்தால், சத்தம் காதில் விழுந்து அரை விநாடி ஆவதற்குள் சைக்கிள் வந்துவிடும். நல்ல கண் உள்ள மனிதரே அதற்குள் எந்தப் பக்கம் நகர்வது என்று முடிவு செய்ய முடியாது, திடுக்கிட்டு நிற்கத்தான் முடியும். என் கணவர் நிற்க மாட்டார். பின்னால் சத்தம் கேட்டால், பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி தெரியாத பக்கம் தலையைத் திருப்புவார். தலை திரும்பினால் உடம்பும் அந்தப் பக்கம் போகும். அதாவது, மணி அடித்துக்கொண்டு சைக்கிள் வருகிற பக்கமே அவர் அடி எடுத்து வைப்பார். வைத்தியத்தில் சொன்னதை என் கணவர் செய்கிறார், மரியாதை என்று சொன்னதைச் சைக்கிள்காரர் செய்கிறார், இரண்டும் ஒரே இடத்தில் வந்து மோதுகின்றன.

மார்ச் மாதம் அப்படித்தான் நடந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன், தண்ணீர்ப் புட்டியை மூடிக்கொண்டு இரண்டு அடி பின்தங்கியிருந்தேன். மணி அடித்தது, அவர் திரும்பினார், கைப்பிடி அவர் சட்டையில் மாட்டியது. கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டு. ஓட்டி வந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். ஓடிப்போகவில்லை. என் கணவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான், கை நடுங்கியது அவனுக்கு. "மணி அடித்தேனே ஆன்ட்டி, மணி அடித்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துத் தண்டியுங்கள் என்று நான் எழுதவில்லை. அவன் தனக்குத் தெரிந்த மரியாதையைச் செய்தான். முந்துவதற்கு முன் மென்மையாகத் தெரியப்படுத்துங்கள் என்று சைக்கிள்காரர்களுக்கான நடத்தை முறையில் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில், அடித்த பிறகு என்ன செய்வது என்று அந்தப் பையனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இருபது மீட்டர் தூரத்தில் ஒரு தடவை அடித்துவிட்டு, வேகத்தைப் பத்துக்குக் குறைத்தால் எங்களுக்கு ஏழு விநாடி கிடைக்கும். ஏழு விநாடியில் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிடுவேன். அவர் திரும்பிப் பார்த்து முடித்துவிடுவார். அப்புறம் ஒரு கை நீளம் இடம் விட்டுத் தாண்டினால் ஒன்றும் நடக்காது. எதிரில் ஆள் வந்தால் பின்னாலேயே கொஞ்சம் மெதுவாக வந்து, வழி கிடைத்ததும் போகலாம். மணி இல்லாவிட்டால் வாயால் சொல்லலாம். "வலப்பக்கம் வருகிறேன்" என்று எந்த மொழியில் சொன்னாலும் குரலை வைத்தே எங்களுக்குப் புரிந்துவிடும்.

5. பாலத்துக்கு அடியில் பாதை இறங்கி வளையும் இடம். அங்கே எதிரில் வருபவர் தெரியாது. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய இடம் அது. இறக்கத்தில் வேகம் கூடுவதால் மிதிக்காமலே பறக்கிறார்கள்.

6. நாங்களும் எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். நான் அவருக்கு வலப்பக்கமாக நடந்தேன். என் முழங்கையில் இரண்டு தடவை கைப்பிடி இடித்தது. பாதையின் வலது ஓரமாக அவரை நடக்க வைத்தோம், அப்போது பின்னால் வரும் சைக்கிள் அவருக்குக் கண் தெரிகிற இடப்பக்கமாகப் போகும் என்று. எதிரில் வந்தவர்கள் "இடப்பக்கம் போங்கள்" என்று சத்தம் போட்டார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். விடியற்காலை 6 மணிக்குப் போனோம். இருட்டில் பந்தய சைக்கிள்காரர்கள் வருகிற நேரம் அது என்று போன பிறகுதான் தெரிந்தது. மகள் மஞ்சள் நிற மேல்சட்டை வாங்கிக் கொடுத்தாள், சாலையில் வேலை செய்பவர்கள் போடுவது. அதையும் போட்டுக்கொண்டு நடந்தார். நடப்பவர்களிடமும் தப்பு இருக்கிறது. நாலு பேர் கைகோத்துப் பாதையை அடைத்துக்கொண்டு போகிறார்கள், காதில் கருவியை மாட்டிக்கொண்டு எதையும் கேட்பதில்லை, நாயின் கயிற்றை நீளமாக விடுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதி வையுங்கள். இன்னும் நாங்கள் என்ன செய்ய வேண்டும், ஐயா? சொல்லுங்கள், செய்கிறோம்.

7. கட்டுப் பிரித்த பிறகு அவர் கீழே இறங்குவதில்லை. இதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது. பக்கவாதம் வருவதற்கு முன் வெள்ளிக்கிழமைதோறும் ஆற்றோரமாகவே நடந்து காலாங் சாலை மன்மத காருணீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வருவார். பஸ்ஸில் போகலாம் என்றால் கேட்க மாட்டார். "ஆறு கூடவே வருகிறது, எதற்கு பஸ்?" என்பார். நோயிலிருந்து எழுந்த பிறகு அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கே, அந்தக் கோயில்வரை மறுபடி நடந்து போவதுதான். பாதிவரை வந்துவிட்டோம். பாலத்தைத் தாண்டி இரண்டாவது இருக்கைவரை போய் உட்கார்ந்துவிட்டு வருவோம். இப்போது எங்கள் மாடித் தாழ்வாரத்தில் மின்தூக்கிக்கும் கடைசி வீட்டுக்கும் இடையில் நடக்கிறார். போக 38 அடி, வர 38 அடி. எண்ணிக்கொண்டே நடக்கிறார். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா அவருக்காகக் கதவோரச் செருப்பையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டார். அந்த அம்மாவுக்குப் புரிகிறது. பலதுறை மருந்தகத்தில் டாக்டர், "வெளியே நடக்கிறாரா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது? தாழ்வாரக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கீழே பாதையைப் பார்க்கிறார். அதிலும் இடப்பக்கம் பாதியைத்தான் பார்க்கிறார்.

என் கோபத்தை மன்னிக்க வேண்டும். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 2019 நவம்பர் 5ஆம் தேதி மின்ஸ்கூட்டர்களை நடைபாதையிலிருந்து எடுத்தார்கள். அந்த ஆண்டு முடியும்வரை எச்சரிக்கை, 2020 பிறந்ததும் தண்டனை என்று எல்லாருக்கும் புரியும்படி சொல்லிச் செய்தார்கள். நாடு முழுவதற்கும் அதைச் செய்ய முடிந்தபோது, ஓர் ஆற்றோரத்தில் நாலு பலகை வைக்க இத்தனை மாதமா? நான் தடை கேட்கவில்லை. சைக்கிள் ஓடட்டும். என் பேரனே அந்தப் பாதையில்தான் ஓட்டப் பழகினான். அபராதம்கூடக் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். பாதையில், முக்கியமாகப் பாலத்தடிக்கு முன்னால் இரண்டு பக்கமும், நான்கு மொழியிலும் பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். "பகிர்ந்து பயன்படுத்துங்கள்" என்று பொதுவாக எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. செய்ய வேண்டியதை எழுதுங்கள்: "முன்னால் ஆள் நடக்கிறாரா? வேகத்தைக் குறையுங்கள். தூரத்திலேயே ஒரு தடவை மணி அடியுங்கள். அவருக்கு நேரம் கொடுங்கள். ஒரு கை நீளம் விட்டுத் தாண்டுங்கள். கூட்டமாக வந்தால் எத்தனை பேர் என்று சொல்லுங்கள்." தரையிலும், மணி அடிக்க வேண்டிய தூரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, 20 மீட்டருக்கு ஒரு கோடு பெயிண்டில் போட்டுக் காட்டலாம். அப்புறம், ஒரு மாதத்துக்காவது ஞாயிறு காலைகளில் யாராவது அங்கே நின்று சைக்கிள்காரர்களிடம் நல்லபடியாகச் சொல்லட்டும். ஆள் இல்லை என்றால் நான் நிற்கிறேன். அடையாள அட்டை ஒன்று கொடுங்கள், போதும். எங்கள் வசிப்போர் குழுவில் இன்னும் நாலு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எதுவுமே முடியாது என்றால் அதையாவது எழுதி அனுப்புங்கள். முடியாது என்ற பதிலை வைத்துக்கொண்டு அடுத்து யாரைப் பார்ப்பது என்று நான் யோசிப்பேன். எண் மட்டும் அனுப்ப வேண்டாம், ஐயா.

தாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று பணிவோடு மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். 7 மணியிலிருந்து 8 மணிவரை பாலத்தடிக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பேன். தாங்கள் வருவதாகத் தெரிந்தால் அவரையும் எப்படியாவது சொல்லி அழைத்து வருகிறேன். அவருக்குப் பின்னால் பத்து நிமிடம் நடந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று முறையீடுகளின் விவரம், மணிக்கட்டு எலும்பு முறிவுக்கான மருத்துவச் சான்றின் நகல், என் மகள் வரைந்த பாதையின் படம், பலகை வைக்க வேண்டிய இரண்டு இடமும் சிவப்பில் குறிக்கப்பட்டுள்ளது.