போனைப் பறிக்க முதல் ஒருக்கால் பக்கத்தில் இருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பிள்ளைகளும் போன் விளையாட்டும் பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். எழுதியவரின் கவலை எனக்கு நன்றாக விளங்குகிறது, நானும் பதினைந்து வயதுப் பெடியன் ஒருவனின் தாய்தான். ஆனால் அவ்வளவு பெரிய கட்டுரையில் பிள்ளைகள் ஏன் விளையாடுகிறார்கள் என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. அடிமையாகிவிட்டார்கள், கெட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அது மனதுக்குள் கிடந்து உறுத்தியதால்தான் இதை எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்வோம். இந்தப் போனை அவர்களின் கையில் கொடுத்தது நாங்கள்தான். 2020 பங்குனியில் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது பாடமெல்லாம் வட்ஸ்அப்பிலும் சூமிலும் வரத் தொடங்க, கடன்பட்டாவது ஒரு போன் வாங்கிக் கொடுத்தோம். ஊரடங்கு நேரம், படலையைத் தாண்ட விடவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடுகூடச் சேர விடவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குக் கூட்டாளிகளைச் சந்திக்க இருந்த ஒரே இடம் அந்தப் போன்தான், அங்கே அவர்கள் சந்தித்துக்கொண்டார்கள், பிறகு பள்ளிக்கூடம் திறந்தும் அந்த இடத்தை விடவில்லை. எங்களுக்கும் அப்போது அது வசதியாகத்தானே இருந்தது, பிள்ளை சத்தம் போடாமல் ஒரு மூலையில் இருந்தான்.

என் சின்ன வயதை நினைத்துப் பார்க்கிறேன். யுத்தத்தால் 1990 இற்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை, குப்பி விளக்குத்தான். நிலவு நாளில் ஒழுங்கை முழுக்கக் கிளித்தட்டு, அம்மா கூப்பிட்டுக் களைத்துப் போவார். 1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு எல்லாரும் தென்மராட்சிக்கு நடந்தோமே, அதற்குப் பிறகு கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் எத்தனையோ குடும்பங்களோடு கிடந்தபோது, நானும் இன்னும் மூன்று பிள்ளைகளும் காலையிலிருந்து பொழுதுபடும் வரை கொக்கான் வெட்டினோம். ஐந்து கல்லு. சாப்பாட்டுக்கு வரிசை, கிணற்றுக்கு வரிசை, வீட்டுக்கு எப்போது போவோம் என்று பெரியவர்களுக்கே தெரியாது. அந்தக் கல்லு மேலே போய்த் திரும்பி வரும் நேரத்தில் மட்டும் எல்லாம் என் கையில் இருந்தது, பிழைத்தால் என் பிழை, வென்றால் என் வெற்றி. அன்று யாராவது வந்து அந்தக் கல்லைப் பறித்திருந்தால் நான் எப்படி அழுதிருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

என்னுடைய ஐயா கோயில் மடத்தில் முன்னூற்றி நாலு விளையாடப் போனால் சாமம் தாண்டித்தான் வருவார். 32 சீட்டு, மொத்தம் 304 புள்ளி, கவிழ்த்து வைத்த துரும்பு, இறங்கிய சீட்டையெல்லாம் மனதில் பிடித்துவைத்து மற்றவன் கையில் என்ன கிடக்கும் என்று கணக்குப் போடுவது, கையில் உள்ளதைச் சொல்லாமல் கூட்டாளியை நம்பிக் கேள்வி கேட்பது, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கூறுவது. ஐயாவின் ஞாபகசக்தியை ஊரே மெச்சியது. அதே வேலையைத்தான் என் மகனும் நாலு பேர் கொண்ட குழுவோடு போனில் செய்கிறான், யார் முன்னுக்குப் போவது, யார் பின்னால் நின்று பார்ப்பது, அடிபட்டு விழுந்தவனைத் தூக்க யார் ஓடுவது என்று ஒரு நிமிடத்துக்குள் முடிவெடுக்கிறார்கள். பார்க்கும்போது சத்தமாகத்தான் இருக்கிறது, உண்மை. மடத்திலும் சத்தம் குறைவில்லை.

இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் ரயனும் அவரோடு சேர்ந்தவர்களும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டு ஆட்களை இழுத்து வைத்திருப்பதற்கு மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள். என்னால் ஒன்றைச் செய்ய முடியும் என்ற உணர்வு, என் விருப்பப்படி தெரிவு செய்யும் சுதந்திரம், மற்றவர்களோடு ஒட்டி இருப்பது. இதை வாசித்தபோது நான் உடனே என் மகனின் நேரசூசியைத்தான் நினைத்தேன். காலையில் பள்ளிக்கூடம், இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்ட கையோடு ரியூசன், இரவு ஏழு மணிக்கு வந்தால் வீட்டுவேலை, சனி ஞாயிறும் ரியூசன். என்ன பாடம், எந்த ரியூட்டரி, எந்த மாஸ்டர் எல்லாம் நாங்கள் தெரிவு செய்கிறோம். நூற்றுக்கு எழுபத்தெட்டு எடுத்தால் மிச்சம் இருபத்திரண்டு எங்கே என்று கேட்கிறோம். கேமில் தோற்றால் அடுத்த நிமிடம் திரும்பத் தொடங்கலாம், ஒருவரும் தாய் தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லப் போவதில்லை. அந்த மூன்றில் எதை நாங்கள் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம்?

சரி, நான் இதையெல்லாம் தொடக்கத்திலேயே விளங்கிக்கொண்டவள் என்று நினைக்க வேண்டாம். நானும் போனைப் பறித்து அலுமாரிக்குள் பூட்டியவள்தான். மகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. என் மனதை மாற்றியது என்னுடைய அம்மா.

போன வருடம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஆறரை மணி இருக்கும், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் என் அக்காவின் மகனுக்கு அப்போது காலை ஒன்பது. அவனும் என் மகனும் மைன்கிராப்ட் என்ற கேமில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார்கள். அது ஆளை ஆள் சுடும் கேம் என்று நினைக்காதீர்கள், சதுரம் சதுரமான கட்டிகளை வைத்து எதையும் கட்டலாம், ஒரு கட்டி ஒரு மீற்றர் என்று கணக்கு. அம்மா பக்கத்தில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். "என்ன தம்பி கட்டுறாய்?" என்று கேட்க, "வீடு அம்மம்மா, உங்கட பழைய வீடு எப்பிடி இருந்தது எண்டு சொல்லுங்கோ, அதைக் கட்டுவம்" என்றான்.

அந்த வீடு வலிகாமம் வடக்கில் இருந்தது. 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம், எனக்கு எட்டு வயது. பல வருடம் கழித்து இராணுவம் காணியை விட்டபோது போய்ப் பார்த்தோம், வீடு இல்லை, அத்திவாரத்தில் ஒரு பக்கமும் கிணறும் மட்டும் பற்றைக்குள் கிடந்தன. அன்றைக்கு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் அந்த வீட்டைப் பற்றிப் பேசியதில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம்தான் பேசத் தொடங்கினார். நாற்சார் வீடு, நடுவில் முற்றம், மழைத் தண்ணீர் நாலு பக்கக் கூரையாலும் முற்றத்துக்குள் விழும். "முற்றம் எண்டா என்ன?" என்று கனடாவில் இருந்து பேரன் கேட்கிறான், அவனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. குசினி விறாந்தையில் இருந்து கிணற்றடிக்கு எத்தனை எட்டு என்று அம்மா எழும்பி எங்கள் முற்றத்தில் நடந்து காட்டினார், பதினெட்டு எட்டு, இவன் அதைக் கட்டிக் கணக்காக மாற்றினான். கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாவை வேலிக்கட்டைகளை அடுக்கிச் செய்தார்கள். சங்கடப்படலையை மூன்று தரம் உடைத்துக் கட்ட வேண்டி வந்தது, அம்மாவுக்குத் திருப்தி இல்லை. "படலைக்கு மேல கூரை இருக்கோணும், ரெண்டு பக்கமும் இருக்கத் திண்ணை இருக்கோணும், வழியில போற சனம் மழைக்கு ஒதுங்கிறது அதுக்கதான்." இப்படி நாலைந்து சனிக்கிழமை. நான் பிறந்த வீட்டில் மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே அப்போதுதான் தெரியும்.

கட்டி முடித்த பிறகு நான் தேடி வாசித்தேன். 2012 இலிருந்து ஐக்கிய நாடுகளின் மனிதக் குடியிருப்புத் திட்டமும் அந்தக் கேமைச் செய்த சுவீடன் நிறுவனமும் சேர்ந்து, சாதாரண சனங்கள் தங்கள் ஊர்ப் பொது இடங்களை எப்படி அமைக்க வேண்டும் என்று காட்டுவதற்கு இதே மைன்கிராப்டைத்தான் பாவிக்கிறார்களாம். வரைபடம் வாசிக்கத் தெரியாதவரும் கட்டியை வைத்துக் காட்டிவிடலாம். எங்கள் அம்மாவைப் போல.

படிப்புக்கும் ஏதோ வந்தது. அந்தக் கேமில் ரெட்ஸ்டோன் என்று ஒன்று இருக்கிறது, மின்கம்பி மாதிரி. இரண்டு லீவரையும் போட்டால் மட்டும் திறக்கிற கதவு ஒன்றைச் செய்து காட்டினான். பத்தாம் வகுப்பு ஐ.சி.ரி. (கணினிப்) பாடத்தில் தர்க்கப் படலை, அதாவது இப்படி நிபந்தனை பார்த்துத் திறக்கிற மின்சுற்று, வந்தபோது அவனுக்கு அது புதிதாக இருக்கவில்லை. அதற்காக விளையாடினால் கெட்டித்தனம் தானாக வரும் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம்.

ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பட்டியலில், 2022 தையில் இருந்து நடைமுறையில் உள்ள பட்டியல் அது, விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டு. ஆனால் அதற்கு வைத்திருக்கும் அளவுகோலைப் பாருங்கள். விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கு முதலிடம், கெடுதல் வந்தும் விட முடியாமை, அதுவும் பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். சாப்பிடக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பிந்தி வருகிற பிள்ளைக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. நித்திரை கெட்டு, குளிக்காமல், கூட்டாளிகளையும் விட்டு மாதக்கணக்கில் ஒதுங்கிப் போகிறது என்றால் உடனே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கே அடி உதவாது.

எனக்கு உண்மையில் கோபம் வருவது வேறு ஒன்றில். சில சுடும் கேம்களில் காசு கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்று தெரியாது, நல்ல உடுப்போ துவக்கோ வரும் வரை திரும்பத் திரும்பக் கட்ட வேண்டும். லொத்தர்தான் இது. எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை தகப்பனின் வங்கி அட்டையில் இருந்து இப்படி ஒரு மாதச் சம்பளத்தை முடித்துவிட்டான், தகப்பன் அவனைப் போட்டு அடித்த அடி எங்கள் வீடு வரை கேட்டது. பெல்ஜியத்தில் 2018 இல் காசுக்கு விற்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லித் தடுத்தார்கள். அந்தப் பிள்ளை வாங்கிய அடியில் பாதியாவது அந்தப் பெட்டியைச் செய்தவனுக்குப் போக வேண்டியது. இதைப் பற்றி எழுதுங்கள், நான் முதல் ஆளாக வாசிப்பேன்.

எங்கள் வீட்டில் இப்போது இப்படி. படிக்கும் நாளில் ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை இரண்டு, இரவு ஒன்பதரைக்குப் போன் குசினித் தட்டில். வங்கி அட்டை எதிலும் பதிந்து வைப்பதில்லை. ஆட்டத்தின் நடுவில் பறிப்பதில்லை, ஏனென்றால் மற்ற மூன்று பேரும் அவனை நம்பி நிற்கிறார்கள், "இது முடியட்டும்" என்றால் முடியும் வரை பொறுக்கிறேன். சண்டை முழுதாக நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தரம் இந்த விடயத்துக்குப் பக்கம் ஒதுக்கும்போது அதில் பாதியைப் பிள்ளைகளுக்கே விடுங்கள். என்ன விளையாடுகிறார்கள், யாரோடு, அதில் என்ன பிடித்திருக்கிறது, எது பயமாக இருக்கிறது என்று அவர்களே எழுதட்டும். எழுத்துப் பிழை இருந்தாலும் திருத்திப் போடலாம். என் மகன் எழுதத் தயாராக இருக்கிறான், அந்தச் சங்கடப்படலையின் படத்தையும் அனுப்புவான்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கொக்குவில்